மூன்று விரற்கடை எழும்பிய வீடு

கல்லுப்பாலம் தெருவின் கடைசியில் ஒட்டுச்சுவர் இல்லாமல் தனியாக நிற்கிற ஆவுடையப்பன் வீடு, பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் காலையில், அவர் மூன்றாந்தடவையாகத் தரையைத் துடைத்துத் துணியைப் பிழிந்த நேரத்தில், பால்பல் கழன்று வருவதுபோல நோகாமல் அஸ்திவாரத்தைவிட்டுக் கழன்று, மூன்று விரற்கடை உயரத்துக்கு எழும்பி நின்றது. ஓடு ஒன்றும் சரியவில்லை, கொடியில் காய்ந்த துண்டு ஆடவில்லை, அடுப்பில் படுக்கை விரிப்பு வெந்துகொண்டிருந்த அண்டாவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தளும்பவில்லை. சன்னலைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்த அவர் மனைவி பிரமுவுக்குத்தான் முதலில் தெரிந்தது. நாலு வருஷமாக அந்தச் சன்னல் வழியே எதிர்வீட்டு மதிலில் பதித்த கண்ணாடிச் சில்லுகளை மட்டுமே பார்த்து வந்தவள், அன்றைக்குச் சில்லுகளுக்கு அந்தப் பக்கம் ஒரு கொடியும், கொடியில் எதிர்வீட்டுக்காரியின் கிழிந்த பாவாடையும் தெரிவதைப் பார்த்தாள்.

"ஏங்க, வீடு எழும்பியிருக்கு" என்றாள்.

ஆவுடையப்பன் வாசலில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "அதான பாத்தேன், கழுவுன தண்ணி ஓடாம விழுதேன்னு" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அவர் இரண்டு செங்கலை எடுத்து வாசலுக்குக் கீழே படியாகப் போட்டார். புறவாசலில் கழிவுநீர்க் குழாய் வாய்பிளந்து தொங்கியது, அதற்கு ஒரு சாண் பிளாஸ்டிக் குழாயை வெட்டி மாட்டினார். அதற்குள் பிரமுவைப் புரட்டிப் போடுகிற நேரம் வந்துவிட்டது. கையை முழங்கைவரை சோப்புப் போட்டு, இருபது எண்ணி, கழுவித் துடைத்து, அவளை இடப்பக்கம் புரட்டி, கணுக்காலுக்கு நடுவில் தலையணை கொடுத்துவிட்டுக் கஞ்சி காய்ச்சப் போனார். வேலை கிடந்தது.

வீடு எதனால் எழும்பிற்று என்று ஆராய்கிறவர்கள் ஆராயட்டும். ஒரு வீட்டின் எடையில் செங்கல் எவ்வளவு, ஓடு எவ்வளவு, அழுக்கு எவ்வளவு என்று யாரும் பிரித்து நிறுத்ததில்லை. ஆவுடையப்பன் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் ஆபரேஷன் கத்தி கத்திரிகளை வேகவைத்து எடுத்துக் கொடுத்த ஆள். கண்ணுக்குத் தெரியாததைக் கொல்வதுதான் அவர் பார்த்த உத்தியோகம். பிரமு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது வழுக்கி விழுந்து முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே தனக்கு உடம்பு இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியவளாக ஆனாள். முதல் வருஷமே இடுப்பில் படுக்கைப்புண் வந்தது. பத்துப்பைசா அகலத்தில் தொடங்கி உள்ளங்கை அகலத்துக்குப் போய், சீழ் வைத்து, குளிர் கண்டு, நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, செத்துப் பிழைத்து வந்தாள். அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னாள், "இன்னொரு தடவை கிருமி ரத்தத்தில ஏறிச்சுன்னா நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல, பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொண்டார். விரிப்பை தினமும் வேகவைத்தார், வெயிலில் போட்டார், இரண்டு பக்கமும் இஸ்திரி தேய்த்தார். சிறுநீர்க் குழாயைத் தொடுமுன் ஒருமுறை, தொட்டபின் ஒருமுறை கை கழுவினார். கட்டில் கால், கதவுக் கொண்டி, சன்னல் கம்பி, விளக்குச் சுவிட்சு என்று கை படுகிற இடமெல்லாம் மருந்துத் தண்ணீரால் துடைத்தார். நகத்தை ஒட்ட வெட்டினார், மீசையை எடுத்தார். புண் மெல்ல மெல்லச் சுருங்கி ஒரு துவரம்பருப்பு அளவுக்கு வந்து நின்றது. அந்தத் துவரம்பருப்பு மூடுகிறவரை பிரமுவின் உயிர் அதன் வழியாகத்தான் போகவும் வரவும் முடியும். இதெல்லாம் தெருவுக்குப் புரியாது. ஆம்பளை ஒருத்தர் சேலை துவைக்கிறார் என்பதுதான் தெருவுக்குப் புரிந்தது. அதற்குக் கிறுக்கு என்று பெயர் வைத்து, வைத்த பெயரை நாலு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கல்லுப்பாலம் தெருவுக்குச் சுத்தம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. விடியுமுன் சாணி தெளிக்கிற தெரு அது. செத்த வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகாமல் நடை ஏறாத தெரு அது. ஆனால் அதன் சுத்தத்துக்கு ஒரு திசை உண்டு. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பஸ் கம்பியைப் பிடித்த கையோடு வருவார்கள், சந்தையில் கருவாடு பொறுக்கிய கையோடு வருவார்கள், மூக்குச் சிந்திய பிள்ளையைத் துடைத்த கையோடு வருவார்கள். வந்து, கட்டிலில் பிருஷ்டத்தை ஊன்றி உட்கார்ந்து, பிரமுவின் கன்னத்தைத் தடவி, "எலும்பும் தோலுமா ஆயிட்டியேட்டி" என்று அழுது, "புண்ணு எப்படியிருக்கு, நான் ஒருக்கப் பாத்துக்கிடட்டா" என்று துணியை விலக்கிப் பார்த்து, அதன்மேல் மூச்சுவிட்டு, மருந்து சொல்லி, எழுந்துபோய்த் தெருக்குழாயில் கைகால் கழுவித் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். போகும்போது கழுவத் தெரிந்த அந்தத் தெருவில் வரும்போது கழுவ வேண்டும் என்று ஒரு பிறவிக்கும் தோன்றவில்லை. நோய் பிரமுவிடமிருந்துதான் தங்களுக்கு வருமே தவிர, தங்களிடமிருந்து பிரமுவுக்குப் போகும் என்று நினைப்பதற்கு ஒரு பணிவு வேண்டும். அது அங்கே விளைவதில்லை.

ஆவுடையப்பன் வாசலில் ஒரு செம்புத் தண்ணீரும் பித்தளைத் தட்டில் சோப்பும் வைத்துப் பார்த்தார். "எங்களைப் பாத்தா தீண்டத்தகாதவங்க மாதிரி இருக்கா" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனார்கள். நோய் விசாரிக்க வந்தவர்களை வாசலில் நிறுத்துவது அந்தப் பக்கத்தில் கொலைக்கு அடுத்த குற்றம். ஆகவே அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர்கள் போனபின் துடைத்தார். வந்தார்கள், துடைத்தார். இப்படி நாலு வருஷம் துடைத்துத் துடைத்துத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

புதன்கிழமை காலையில் தெய்வானை மதினி வந்தாள். ஊருக்கே அவள் மதினி. கோயில் கமிட்டித் தலைவர் பெண்டாட்டி, ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிப்பவள், தன் துணி காய்கிற கொடியின் நிழல் பிறர்மேல் விழுந்தாலும் மறுபடி நனைப்பவள். வீடு அந்தரத்தில் நிற்பதைக் கீழே குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கம் படுத்திருந்த பூனை தெரிந்தது. "என்ன தம்பி, வீடு நிக்குத நிலை சரியில்லையே, கொத்தனாரைக் கூப்பிட்டுக் காமிச்சியளா" என்று கேட்டுக்கொண்டே செங்கல்மேல் ஏறி வலதுகாலை நிலைவாசலுக்குள் வைத்தாள்.

தம்மென்ற சத்தத்தோடு வீடு தரையில் உட்கார்ந்தது. பரணிலிருந்து அரிசி புடைக்கிற சொளகு ஒன்று விழுந்தது. செங்கல் படி இரண்டும் நசுங்கி நாலாயிற்று.

"நான் அவ்வளவு கனமா" என்றாள் தெய்வானை மதினி. மெலிந்த உடம்புக்காரி அவள். ஈர வேட்டிக்குக்கூட அவளைவிட எடை அதிகம் இருக்கும்.

அவள் போனபின் ஆவுடையப்பன் அவள் கால் பட்ட இடம், கை பட்ட இடம், அவள் சாய்ந்த சுவர் எல்லாவற்றையும் துடைத்தார். வீடு மறுபடி எழும்பி நாலு விரற்கடைக்கு வந்தது. அப்போதும் அவருக்குச் சங்கதி பிடிபடவில்லை. பிரமுவுக்குப் பட்டது. ஆனால் அவள் சொல்லவில்லை. படுத்துக் கிடக்கிறவளுக்கு ஒரு விஷயத்தைத் தனியாக வைத்துக்கொண்டு இரண்டு நாள் சப்புவதைவிட வேறு தின்பண்டம் கிடையாது.

வியாழக்கிழமை அவளை வலப்பக்கம் புரட்டும்போது ஆவுடையப்பனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நெளிந்த ஆணிபோல நின்றுவிட்டார். அந்த நேரம் வாசலில் பேச்சி கழிவுப்பை வாங்க வந்திருந்தாள். தெருவில் வாறுகால் சாக்கடை அள்ளுகிறவள், வீடுவீடாகக் குப்பை வாங்குகிறவள், இருபது வருஷத்தில் தங்கள் நடையை ஒருமுறைகூட மிதிக்கச் சொல்லாதவர்களுக்கு வேலை செய்கிறவள்.

"பேச்சி, உள்ள வா" என்றாள் பிரமு.

"நானாக்கா?"

"உன்னைத்தான். இந்த மனுசன் மரமா நிக்காரு, என்னைப் புரட்டிவிடணும்."

பேச்சி வாயிலிருந்த புகையிலையை எடுத்துக் காகிதத்தில் பொதிந்து சுவர்மேல் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். நாலு வருஷமாக யாரும் தொடாமல் ஓரம் கறுத்துக் கிடந்த சோப்பை எடுத்து முழங்கைவரை போட்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று தேய்த்தாள். அழுக்கோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அழுக்கு எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியும். காலைக் கழுவினாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே வந்தாள். எதிர்வீட்டு மதிலுக்குமேல் எட்டு மண்டைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. வீடு ஆடவில்லை, அசையவில்லை, நூலளவு இறங்கவில்லை.

அன்று மத்தியானத்துக்குள் தெரு முழுவதுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் வந்தது. "வாறுகால் அள்ளுதவளுக்கு இறங்காத வீடு எனக்கு இறங்குமா" என்று தெய்வானை மதினி தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். அவள் புருஷர் வந்து வீட்டைச் சுற்றிவிட்டு, வாஸ்து கெட்டிருக்கிறது என்றார். நகராட்சியிலிருந்து ஒருவர் டேப்போடு வந்து அளந்து, இதைத் தரைத்தளமாக எழுதுவதா மாடியாக எழுதுவதா என்று தலையைச் சொறிந்துவிட்டு, மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாகப் போனார். தபால்காரர் ஒன்றும் கேட்கவில்லை, அன்றிலிருந்து கையைக் கொஞ்சம் உயர்த்திக் கடிதம் போட்டார். பூனைகள் வீட்டுக்கடியில் நிழல் நன்றாக இருக்கிறது என்று குடியேறின.

தெருவுக்கு ஒரு குணம் உண்டு, எதையும் பத்து நாளில் பயன்படுத்தப் பழகிவிடும். அதற்குள் துடைக்கத் துடைக்க வீடும் ஒரு சாணுக்குமேல் எழும்பியிருந்தது. முதலில் தெய்வானை மதினி, தான் அன்றைக்குக் குளித்து நேரமாகியிருந்ததே காரணம் என்று நிரூபிப்பதற்காக, மஞ்சள் நீரில் முழுகி, கோமியம் தெளித்து, உபவாசம் இருந்து, நனைந்த பட்டோடு திருநீறும் பூசிக்கொண்டு மறுபடி வந்தாள். வழியில் கோயில் பசுவின் பின்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கையோடு வந்தாள். வீடு ஆறு விரற்கடை இறங்கிற்று. அதன்பிறகு அவளைவிடத் தனக்குக் குறைவாகத்தான் இறங்கும் என்று நினைத்தவர்களுக்கெல்லாம் ஆசை வந்துவிட்டது. மாமியாரும் மருமகளும் யார் சுத்தம் என்று தீர்த்துக்கொள்ள வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரையும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரையும் ஏற்றிப் பார்த்தார்கள். இட்லிக் கடைக்காரர் வந்து ஏறினார், ஐந்து விரற்கடை இறங்கிற்று. இட்லி என்னவோ பழையபடி விற்றது. வார்டு கவுன்சிலர் மாலையும் வெற்றிலையுமாக வந்து ஏறியபோது வீடு விழுந்த வேகத்தில் நடுக்கூடத்துத் தரைக்கல் ஒன்று விரிந்தது. "வீட்டுக்குப் பலமில்ல" என்று சொல்லிவிட்டு, பிரமுவின் கையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்.

எல்லோரும் பிரமுவைப் பார்க்க வந்ததாகத்தான் சொன்னார்கள். ஒருவரும் பிரமுவைப் பார்க்கவில்லை. கால் வைத்ததும் பேருக்கு அவளைத் தொட்டுவிட்டு வெளியே திரும்பி, "எவ்வளவு, எவ்வளவு" என்று கேட்டார்கள்.

எவ்வளவு என்று சொன்னவர் ஆவுடையப்பன். பிரமுவின் மனதை அரித்தது அதுதான். வீட்டு வெளிமூலையில் ஒரு மரச்சட்டம் நட்டு விரற்கடை விரற்கடையாகக் கோடு போட்டுவைத்திருந்தார். நாலு வருஷமாக வாய் திறக்காத மனிதர், ஒவ்வொரு தலைக்கும் ஒரு குரல் வைத்திருந்தார். "நாலரை! வாத்தியாருக்கு நாலரை" என்பார். "ஏழு, பரவாயில்ல, நான் எட்டு எதிர்பாத்தேன்" என்பார். சாயங்காலமானால் டீக்கடையில் போய் உட்கார்ந்து, கிறுக்கன் என்று கூப்பிட்டவர்களில் யார் யார் எத்தனை எத்தனை என்று ஒப்பிப்பார். அவர் சிரித்துப் பிரமு பார்த்து நாளாகியிருந்தது. முதல் இரண்டு நாள் அவளும் கூடச் சிரித்தாள், அவளுக்கும் தெருவின்மேல் அவ்வளவு காரம் இருந்தது. மூன்றாம் நாள் அவள் படுத்தபடி திறந்த கதவு வழியே வாசல்படியைப் பார்த்தபோது ஏதோ குறைந்தது.

"சோப்புத் தட்டு எங்க?" என்று கேட்டாள்.

"உள்ள எடுத்து வச்சேன்."

"ஏன்?"

"மழையில கரைஞ்சிரும்."

"பங்குனியில ஏதுங்க மழை?"

ஆவுடையப்பன் மருந்துத் தண்ணீரைக் கலக்கினார். கலங்கியதையே மறுபடி கலக்கினார்.

"கழுவிட்டு வந்தா இறங்காது" என்றாள் பிரமு. "இறங்கலேன்னா உங்களுக்குச் சொல்லுததுக்கு ஒண்ணும் இருக்காது. அதான எடுத்து வச்சிருக்கிய?"

"நாலு வருசமா என்னைக் கிறுக்கன்னாங்க பிரமு. அவுங்களும் ஒருநாள் தெரிஞ்சுக்கிடட்டும்னுதான். போனதுக்குப் பெறகு நான்தான் நல்லா துடைச்சிருதேன்ல?"

"தரையைத் துடைக்கிய. இதுவரைக்கும் முப்பது பேரு எம்மேல கை வச்சுட்டாங்க. நீங்க என்னைக் காப்பாத்துதியளா, அவுங்களை அளக்குதியளா?"

வாசலில் யாரோ செருமினார்கள், அவர் சட்டத்துப் பக்கம் போனார். பிரமு கூரை ஓட்டைப் பார்த்துக் கிடந்தாள். தன்னைச் சுற்றி ஒரு வீடு கட்டி, அந்த வீட்டைத் தேய்த்துத் தேய்த்துக் காற்றில் நிறுத்தி வைத்த மனிதர், இப்போது அந்த வீட்டை மட்டும் பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. தெருதான் அற்பம், சரி. அற்பத்தை எண்ணிக்கொண்டு திரிகிறவனை என்னவென்று சொல்வது?

அடுத்த நாள் மத்தியானம் அவளுக்குப் பல் கிட்டித்தது. இடுப்புக்குக் கீழே என்ன நடந்தாலும் அவளுக்குத் தெரியாது, மேலே குளிர் வந்து சொன்னால்தான் தெரியும். வெளியே வெயில் கொதித்தது, அவள் காது இரண்டும் பனிக்கட்டியாக இருந்தன. கூப்பிட்டாள். ஆவுடையப்பன் இல்லை. முந்தின நாள் எண்ணிக்கை ஒன்றில் சந்தேகம் எழுந்து, அதைத் தீர்த்துவைக்க டீக்கடைக்குப் போயிருந்தார். கழிவுப்பை வாங்க வந்த பேச்சிதான் அந்தக் கூப்பாட்டைக் கேட்டாள். கை கழுவி உள்ளே வந்து, துணியை நீக்கிப் பார்த்தாள். துவரம்பருப்பைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது.

"யக்கா, அண்ணாச்சியைக் கூட்டியாரேன்" என்று ஓடினாள்.

ஆவுடையப்பன் ஓடிவந்தார். டீக்கடைப் பெஞ்சில் கிடந்த கையோடு, பாதி தின்ற வடையின் எண்ணெயோடு, செருப்போடு ஓடிவந்து நிலைவாசலைத் தாண்டி அவள் நெற்றியில் கையை வைத்தார்.

வீடு ஒரு சாண் இறங்கிற்று.

தெருவில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். மரச்சட்டத்தைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், "பன்னிரண்டு, அண்ணாச்சிக்குப் பன்னிரண்டு" என்று அவர் குரலிலேயே சொன்னார். கல்லுப்பாலம் தெரு அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மதில்மேல் இருந்த காக்கைகள் எழுந்து போயின. ஒரு பெண்பிள்ளை உள்ளே செத்துக்கொண்டிருக்கலாம் என்பது அந்தச் சிரிப்பை ஒரு விரற்கடைகூடக் குறைக்கவில்லை.

ஆவுடையப்பன் நெற்றியில் வைத்த கையை எடுத்தார். அதை இன்னொருவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"போய்க் கழுவுங்க" என்றாள் பிரமு, பல்லுக்கு நடுவில்.

டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்கள். அவள் காரிலிருந்து இறங்கி வந்த வேகத்தில் காலை வைத்ததும் வீடு மூன்று விரற்கடை இறங்கிற்று. டாக்டரம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை, பின்னால் இறங்கிப்போய்க் கை கழுவிவிட்டு மறுபடி ஏறினாள், வீடு அசையவில்லை. வீடு எழும்பிய நாளிலிருந்து அந்த வாசலில் வாதாடாமல் திரும்பிப் போய்க் கழுவின ஒரே ஆள் அவள்தான். புண்ணைப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள், ஊசி போட்டாள். "ஆறு நாள் ஊசி. அதுக்குள்ள காய்ச்சல் இறங்கணும். இறங்கலேன்னா..." என்று முடிக்காமல் பையை மூடினாள்.

அன்றிலிருந்து வாசலைப் பேச்சி பார்த்துக்கொண்டாள். பிரமுவின் உத்தரவு அது. சோப்புத் தட்டு பழைய இடத்துக்கு வந்தது. யார் வந்தாலும் பேச்சி முன்னால் கையை நீட்ட வேண்டும், அவள் திருப்பிப் பார்த்து, நகக்கண்ணைப் பார்த்து, சரி என்றால்தான் உள்ளே. கல்லுப்பாலம் தெருவில் பேச்சி முன்னால் கையை நீட்டுகிற ஆள் இல்லை. "இவகிட்ட நாங்க கை காட்டணுமா, அதுக்கு பிரமு செத்தாலும் பரவால்ல" என்று தெய்வானை மதினி சொன்னாளாம். சொல்லவில்லை என்றும் சொல்கிறார்கள். எப்படியோ, ஆறு நாளும் ஒரு ஈ காக்கை அந்த நடையை மிதிக்கவில்லை.

ஆவுடையப்பனைப் பிரமு உள்ளே விட்டாள், பேசவில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் பேச்சி முன்னால் கையை நீட்டிவிட்டு வந்தார். முப்பத்தொரு வருஷம் கத்தி வேகவைத்த மனிதரிடம் பேச்சி, "கட்டைவிரலு ஓரம் சரியில்ல, திரும்பப் போங்க" என்று சொன்னபோது, திரும்பப் போனார். புரட்டினார், துடைத்தார், வேகவைத்தார், இஸ்திரி தேய்த்தார். மரச்சட்டத்தைப் பிடுங்கி அண்டாவுக்கு அடியில் எரித்தார். அந்த நெருப்பில்தான் மூன்றாம் நாள் விரிப்பு வெந்தது. வீடு ஒரு முழம் எழும்பிற்று. நாலாம் நாள் காய்ச்சல் அப்படியே நின்றது. ஐந்தாம் நாள் பிரமு காய்ச்சல் வேகத்தில் யாருடனோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உப்புப் பற்றவில்லை என்று பேசிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் அவள் பக்கத்தில் நின்று, கை கழுவுகிறபோது எண்ணுகிற இருபதைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். வேறு மந்திரம் அவருக்குத் தெரியாது. வீடு இரண்டு முழத்துக்குப் போயிற்று. ஆறாம் நாள் காலையில் அவளுக்கு வியர்த்தது. தலையணை நனைந்தது. காது சூடாயிற்று.

"பசிக்கி" என்றாள்.

கஞ்சி குடித்துவிட்டு, அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். ஆறு நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை அவருக்கு.

"வீட்டுக்கு அடியில மண்ணடிங்க" என்றாள்.

"என்னது?"

"ரெண்டு முழம் இடம் கெடக்குல்லா, கல்லையும் மண்ணையும் போட்டு அடைச்சு, சுத்திச் சிமிட்டி பூசிருங்க. வாசல்ல இருந்து வாறுகால் வரைக்கும் சரிவு ஒண்ணு கட்டுங்க, சக்கர நாற்காலி இறங்குதாப்புல. வீடு ஏறவும் வேண்டாம் இறங்கவும் வேண்டாம்."

ஆவுடையப்பன் காலிக் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். அவர் முகத்தில் ஒவ்வொரு எண்ணாக அழிவது பிரமுவுக்குத் தெரிந்தது. "அப்ப பழையபடி கிறுக்கன்னுதான் சொல்லுவாங்க" என்றார், குழந்தை மாதிரி.

"சொல்லட்டும். இன்னும் நாலு வருசம் சொல்லட்டும். நான் உசுரோட இருந்து அதைக் கேக்கணும்."

அவர் எழுந்து கை கழுவப் போனார். கழுவிவிட்டு, கொத்தனாரைத் தேடிப் போனார்.

மூன்று டிராக்டர் கல்லும் செம்மண்ணும் வந்தன. பூனைகள் முணுமுணுத்துக்கொண்டு இடம் மாறின. பேச்சியின் புருஷனும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே தவழ்ந்து தவழ்ந்து அடைத்தார்கள். நாலு நாளில் வீட்டுக்கடியில் வெளிச்சம் தெரியாமல் போயிற்று. சிமெண்டு காயுமுன் வீடு இன்னும் அரை விரற்கடை எழும்பப் பார்த்தது, ஆவுடையப்பன் யாருக்கும் சொல்லாமல் அந்த இடுக்கில் ஓட்டுச் சில்லுகளைச் செருகிப் பூசினார்.

ஐந்தாம் நாள் காலை தெருவே திரண்டு வந்துவிட்டது. அதுவரை அந்த வீட்டைத் திட்டின தெரு, இப்போது அது போய்விட்டதற்கு அழுதது. "தெய்வம் வந்து நின்ன வீடு, மண்ணைப் போட்டு மூடிட்டாரு" என்றது. "நம்ம ஊருக்குப் பெருமை, ஒரு வார்த்தை கேக்கவேண்டாமா" என்றார் கவுன்சிலர். நல்ல சம்பந்தம் ஒன்று பாதியில் நிற்கிறது, ஏற்றிப் பார்க்காமல் எப்படி முடிப்பது என்று ஒரு மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டார். யாருக்கும் பிரமுவின் காய்ச்சல் இறங்கிற்றா என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்போது கதவு திறந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு பிரமு வாசலுக்கு வந்தாள். சக்கர நாற்காலியை ஆவுடையப்பன் பின்னால் பிடித்திருந்தார். சரிவின் உச்சியில், இரண்டு முழ உயரத்தில் அவளும், கீழே வெயிலில் அண்ணாந்து பார்த்தபடி கல்லுப்பாலம் தெருவுமாக நின்றார்கள். மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்த எல்லாக் கொடிகளும், எல்லார் வீட்டுப் புறவாசல்களும் அவளுக்குத் தெரிந்தன. அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

கூட்டத்துக்கு முன்னால் தெய்வானை மதினி நின்றாள். குளித்த ஈரம் தலையில் சொட்டியது. கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது. இரண்டு கையையும் கூப்பி நெஞ்சுக்கு நேரே உயர்த்தினாள்.

"ஏட்டி பிரமு, இப்படிச் செஞ்சுட்டியேட்டி. இனிமே இந்தத் தெருவுல யாரு சுத்தம், யாரு அழுக்குன்னு நாங்க எதை வச்சுப் பாக்க?"

பிரமு கூப்பிய கையைப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்ற அத்தனை பேரையும் பார்த்தாள்.

"கையைப் பாருங்க மதினி" என்றாள்.

தெரு குனிந்து பார்த்தது. பிறகு ஒவ்வொருவராக, மெல்ல, யாருக்கும் தெரியாத மாதிரி, வேட்டி மடிப்பிலும் முதுகுக்குப் பின்னாலும் கைகளைக் கொண்டுபோனார்கள். தெய்வானை மதினி கூப்பிய கையைப் பிரித்து, முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.